மூழ்காத வட்டில்

முன்னொரு காலத்தில், ஊரே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த ஒரு கோடையில், ஒரு ராஜாவுக்குத் தெப்பத்தில் ஏறிச் சுற்றிவர ஆசை வந்தது. ராஜாக்களின் ஆசைக்கு நேரம் காலம் ஏது? அவர் பெயர் கஜசிம்ம மகாராஜா. நல்லவர்தான். சிரிக்கத் தெரிந்தவர். சிரிப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதவர் என்றும் சொல்லலாம். அவர் காலத்தில் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. எனக்கென்ன பயம், சொல்கிறேன்.

அவருடைய தலைநகரம் கடலோரத்து உப்புப் பூமியில் இருந்தது. பக்கத்தில் ஆறு கிடையாது. பழைய ஜனங்கள் ஊரைச் சுற்றி ஏரி வெட்டி, வீதிக்கு ஒரு கிணறு தோண்டி, பெய்கிற மழையைப் பிடித்து வைத்து எப்படியோ காலத்தை ஓட்டினார்கள். பிறகு கஜசிம்மரின் பாட்டனார் மேற்கே இருந்த மலைநாட்டு ராஜாவோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். இங்கிருந்து உப்பு போக வேண்டும், அங்கிருந்து தண்ணீர் வர வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு மடை கட்டி, அங்கிருந்து தலைநகரம்வரை நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் அந்த மடையை ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், திறந்து வைப்பார்கள். வந்த தண்ணீரை அரண்மனைக்கு எதிரே இருந்த பெரிய தெப்பக்குளத்தில் தேக்கிக்கொண்டு ஊர் வருஷம் முழுக்கக் குடிக்கும்.

மலைத் தண்ணீர் முதன்முதலாக வந்த அன்று ஊரே கூத்தாடியதாம். இனி என்ன கவலை என்று ஏரிகளைத் தூர்த்து மனை போட்டார்கள். கிணறுகளைக் கல்லால் மூடி, மேலே மண்டபம் கட்டி, அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். "வானம் பொய்க்கும். இது பொய்க்காது. கல்லில் வெட்டிய உடன்படிக்கை" என்று பெருமை பேசினார்கள். கல்லில் வெட்டி வைத்தால் மேகத்துக்கு வாசிக்கத் தெரியுமா என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த மண்டலத்தைக் கணக்கிடுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அரண்மனை முற்றத்தில் ஒரு பெரிய தாமிர அண்டா. அது நிறையத் தண்ணீர். தண்ணீர்மேல், அடியில் ஊசித்துளை போட்ட சின்ன வட்டில் ஒன்று மிதக்கும். துளை வழியாக நீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை ஆயிற்று என்று சேகண்டியைத் தட்டுவார்கள். ஊர் எழுந்திருப்பதும் கடை அடைப்பதும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். மலைத் தண்ணீர் வந்து சேர்ந்ததும் அதில் முதல் குடத்தை அந்த அண்டாவில் ஊற்றி வட்டிலை மிதக்க விடுவார்கள். அப்போதிலிருந்துதான் மண்டலக் கணக்கு. மடைமேல் நட்டிருந்த கல்லிலும் அப்படியே வெட்டியிருந்தது: வந்த நீரில் வட்டில் மிதந்து ஒரு மண்டலம் நிறையும்வரை மடையை அடைக்கலாகாது.

அந்த வருஷம் தண்ணீர் வரவில்லை. குளம் வற்றி, நடுவில் மாட்டுத் தோல் அகலத்துக்குச் சேறு கிடந்தது. பெண்கள் அதைச் சிரட்டையால் வழித்து, துணியில் வடிகட்டி, வடிந்ததைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். வாய்க்காலுக்குள் இறங்கிப்போன மாடுகள் திரும்பி வரவில்லை. இதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மகாராஜாவுக்கோ தெப்பம்.

"பிரதானியாரே, இந்த வருஷம் தெப்போற்சவத்தில் சுவாமியோடு நாமும் ஏறிச் சுற்றிவர விரும்புகிறோம்" என்றார் சபையில்.

பிரதானி அம்பலத்தரசர் ஊர்க் காரியங்களையெல்லாம் கையில் வைத்திருந்தவர். "உத்தரவு, மகாராஜா. குளத்தில் நீர்தான் சற்றுக் குறைவாக உள்ளது" என்றார்.

"தெப்பம் மிதக்குமா?"

"மிதக்கும், மகாராஜா. நாலு பேர் தோளில் தூக்கினால் நன்றாகவே மிதக்கும்" என்று ஒரு குரல் கேட்டது. அவன்தான் விகடன் உலகப்பன். மகாராஜா சிரித்தார். உலகப்பன் வாயைத் திறந்தால் அவருக்குச் சிரிப்பு. அதனாலேயே பிரதானிக்கு அவனைக் கண்டால் ஆகாது.

பிரதானி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மகாராஜா, கோட்டைக்கு வெளியே சாயக்காரத் தெரு இருக்கிறது. நூலுக்குச் சாயம் தோய்க்கிறோம் என்று அவர்கள் நீரைத் தொட்டி தொட்டியாகக் கொட்டுகிறார்கள். அவர்களை ஊரைவிட்டு அனுப்பினால் இருக்கும் நீர் மற்றவர்களுக்குப் போதும். மலைத் தண்ணீர் வந்ததும் திரும்பி வரட்டும்."

உலகப்பன் சட்டென்று முன்னால் வந்தான். அவன் கூடப்பிறந்த தங்கை அங்காயி அந்தத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு அது நிறைமாதம்.

"மகாராஜா, சாயத்தொட்டிகளில் இப்போது பல்லிதான் குடித்தனம் நடத்துகிறது. இந்த ஊரில் பச்சையாக நிற்பது பிரதானியார் தோட்டத்து வாழை ஒன்றுதான். அதற்கு எங்கிருந்து சாயம் ஏறுகிறது என்று கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும்" என்றான்.

சபை சிரித்தது. பிரதானியும் சிரித்து வைத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு. "விகடர் எங்களையெல்லாம்விட அறிவாளி. தவறாமல் நீர் வரும் வழி ஒன்றை அவரே சொல்லட்டுமே, மகாராஜா. இயலாவிட்டால் சாயக்காரரோடு அவரும் புறப்படட்டும்" என்றார்.

மகாராஜாவுக்கு இந்தப் பந்தயம் பிடித்துப்போயிற்று. "உலகப்பா, இன்று அந்திச் சேகண்டி ஒலிப்பதற்குள் வழி சொல். சேகண்டி ஒலித்துவிட்டால் சாயக்காரத் தெரு காலியாக வேண்டும். நீயும் அவர்களோடு போக வேண்டும். இது நம் ஆணை."

உலகப்பன் தங்கை வீட்டுக்குப் போனான். அங்காயி சாயக்கொட்டகையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விரல்களில் பழைய நீலம் போகாமல் இருந்தது. பக்கத்தில் துணி போட்டு மூடிய குடத்தில் பாதிக்கும் குறைவாகத் தண்ணீர். அவள் புருஷன் முத்திருளன் இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே தண்ணீர் தேடிப் போயிருந்தான்.

"அண்ணே, இன்னிக்கு ஒண்ணும் சொல்லிச் சிரிக்க வச்சிராதே. சிரிச்சா நாக்கு மேல ஒட்டிக்கிது" என்றாள்.

"சிரிக்கிற சேதி இல்ல தாயி" என்று அவன் நடந்ததைச் சொன்னான்.

"எங்கண்ணே போறது?"

"தெக்கே போனா ஓர் ஆறு இருக்காம். அதுல தண்ணி ஓடுதாம்."

"இருக்காம், ஓடுதாம். இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு அந்த மணல்ல நாள்கணக்கா நான் எப்படி நடப்பேன்? பாதி வழியில வலி கண்டா, பொறந்த புள்ளையக் கழுவக்கூட ஒரு செம்புத் தண்ணி கிடைக்காதே."

"உன்னை நடக்க விடமாட்டேன் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு உலகப்பன் எழுந்து வந்தான்.

அரண்மனை முற்றத்தில் சேகண்டிக்காரர் வீரணன் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உலகப்பன் தற்செயலாக உள்ளே எட்டிப் பார்த்தான். அண்டா காய்ந்து கிடந்தது. அடியில் வட்டில் கவிழ்ந்து கிடந்தது.

"என்ன வீரணரே, தண்ணி எங்கே?"

"போன வாரமே பிரதானி வீட்டு ஆளுங்க வந்து அண்டாவைக் கவுத்துத் தண்ணியக் கொண்டு போயிட்டாங்க சாமி. குதிரைக்குக் குடிக்கவாம்."

"அப்புறம் எதைப் பாத்து சேகண்டி அடிக்கிறீர்?"

வீரணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குத்துமதிப்பா அடிக்கிறேன் சாமி. யாருகிட்டயும் சொல்லிராதீங்க. புள்ளகுட்டிக்காரன்."

உலகப்பன் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "இன்னிக்கு அந்திக்குக் குத்துமதிப்பு வேண்டாம். வட்டில் முழுகினா அடியும். முழுகலேன்னா அடிக்காதேயும். யார் கேட்டாலும் அதுதான் அரண்மனை வழக்கம்னு சொல்லும்."

அந்தி வந்தது. சபையில் விளக்கு ஏற்றினார்கள். உப்பு வாங்கிப்போக வந்திருந்த மலைநாட்டுத் தூதர் சேந்தனாரும் ஓர் ஆசனத்தில் இருந்தார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு சேகண்டிக்குக் காத்திருந்தார்கள். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. சேகண்டி ஒலிக்கவில்லை.

"மகாராஜா, பொழுது எப்போதோ சாய்ந்துவிட்டது. விகடர் இன்னும் வழி சொல்லவில்லை" என்றார் பிரதானி.

"மகாராஜாவின் ஆணை சேகண்டி ஒலிக்கும்வரை" என்றான் உலகப்பன். "சேகண்டி ஒலிக்க வட்டில் மூழ்க வேண்டும். வட்டில் மூழ்க அண்டாவில் நீர் வேண்டும். அண்டாவின் நீரைப் பிரதானியார் குதிரைகள் குடித்துவிட்டன. ஆகவே இந்த அரண்மனையில் போன வாரத்திலிருந்து நேரமே நகரவில்லை. அடியேனுக்கு இன்னும் அந்தி வரவில்லை."

மகாராஜா எழுந்து போய், தானே அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் தோள் குலுங்கியது. "பிரதானியாரே, உம் குதிரைகள் நம் நாழிகையையே குடித்துவிட்டனவா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது தூதர் சேந்தனார் எழுந்து கைகூப்பினார். "மகாராஜா, மன்னிக்க வேண்டும். எங்கள் கணக்கில் மண்டலம் நிறைந்துவிட்டது. இந்த ஆண்டுக்கு மடையை அடைக்கிறோம் என்று அறிவிக்கும்படி எம் மன்னர் ஆணை."

சபையில் சிரிப்பு நின்றது. தண்ணீரே வரவில்லை, அதற்குள் அடைப்பா?

உலகப்பனுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல் இருந்தது. "தூதர் பெருமானே, மடைமேல் உள்ள கல்லில் என்ன வெட்டியிருக்கிறது என்று தங்களுக்கு நினைவிருக்கும்" என்றான்.

"நன்றாக நினைவிருக்கிறது. வந்த நீரில் வட்டில் மிதந்து ஒரு மண்டலம்."

"நீர் வந்ததா?"

"வரவில்லை."

"வட்டில் மிதந்ததா?"

தூதர் அண்டா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "மிதக்கவில்லை."

"அப்படியானால் மண்டலம் தொடங்கவே இல்லை. தொடங்காதது எப்படி நிறையும்? நீர் இங்கே வந்து, வட்டில் மிதந்து, அதன்பின் ஒரு மண்டலம் ஆகும்வரை தங்கள் மடை திறந்தே இருக்க வேண்டும். மகாராஜா, தவறாமல் நீர் வரும் வழி இதுதான். கல்லிலேயே இருக்கிறது. நாம்தான் பார்க்கவில்லை."

தூதர் தலை குனிந்தார். "சரிதான். கல்லை மீற எங்களுக்கு அதிகாரம் இல்லை. மடையை அடைக்க மாட்டோம்" என்றார்.

பிறகு கேட்க வேண்டுமா? மகாராஜா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றி உலகப்பன் கழுத்தில் போட்டார். சாயக்காரத் தெரு இருக்கிற இடத்திலேயே இருக்கலாம் என்று உத்தரவு ஆயிற்று. பிரதானியின் முகத்தில் ஈயாடவில்லை. மற்றக் கதைகளாக இருந்தால் இந்த இடத்தில் சுபம் போட்டுவிட்டு நானும் வீட்டுக்குப் போயிருப்பேன்.

உலகப்பன் தங்கைக்குச் சேதி சொல்ல வேகமாக வெளியே வந்தான். கோட்டை வாசலில் மலைநாட்டு வண்டிகள் உப்பு ஏற்றி நின்றன. சேந்தனார் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நல்ல புத்தி உமக்கு" என்றார். "ஆனால் நான் உங்கள் ஊர் உப்பைத் தின்று வளர்ந்தவன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உமக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த மடையை நாங்கள் அடைக்கவே இல்லை. உரிய காலத்தில் திறந்தது, திறந்தபடியே கிடக்கிறது."

"அப்புறம் தண்ணீர்?"

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இரண்டு வருஷமாக மலையில் மழை இல்லை. ஆற்றில் எங்கள் பிள்ளைகள் பாறைக்குப் பாறை தாவி விளையாடுகிறார்கள். எங்கள் ஜனமே ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கிறது. ஒரு ராஜா இன்னொரு ராஜாவிடம், என்னிடம் இல்லை என்று எப்படிச் சொல்வார்? அதனால் காலம் முடிந்தது, அடைக்கிறோம் என்று சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார். நீர் என்னை அதைக்கூடச் சொல்ல விடவில்லை."

உலகப்பன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தான் ஜெயித்தது என்ன என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஒரு காலி மடையைத் திறந்தே வைத்திருக்கும் உரிமையை ஜெயித்திருக்கிறான்.

மறுநாள் காலையில் சபை கூடியதும் நேரே சிம்மாசனத்துக்கு முன்னால் போய் விழுந்தான். "மகாராஜா, மலையில் நீர் இல்லை. ஆறு வற்றிவிட்டது. மடை திறந்தே இருக்கிறது, பின்னால் ஒன்றும் இல்லை. மூடிய கிணறுகளை இன்றே திறக்கச் சொல்லுங்கள். தூர்த்த ஏரிகளைத் தோண்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இந்த ஊர் செத்துப்போகும்."

மகாராஜா அவனை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் மீசை துடித்தது. பிறகு பக்கென்று சிரித்துவிட்டார். "மடை திறந்திருக்கிறதாம், பின்னால் ஒன்றும் இல்லையாம். நேற்றையதைவிட இது பிரமாதம், உலகப்பா."

"விகடம் இல்லை, மகாராஜா. என் தங்கைமேல் ஆணை."

"முகத்தை எப்படி வைத்துக்கொண்டு சொல்கிறான் பாருங்கள்" என்று மகாராஜா மேலும் சிரித்தார். "தூதரே, தங்கள் மலையில் நீர் வற்றிவிட்டதாமே?"

சேந்தனார் எழுந்தார். அவர் உலகப்பன் பக்கம் பார்க்கவில்லை. "எங்கள் மலையில் நீருக்குக் குறைவா, மகாராஜா?" என்றார். அவருக்கும் தலை ஒன்றுதானே.

சபை முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான், பிரதானி அம்பலத்தரசர். உலகப்பன் முகத்தையும் தூதர் முகத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். உலகப்பன் சொல்வது சத்தியம் என்று அந்தச் சபையில் அவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. சொல்வதற்கு வாய் இருந்தது, ஊரைக் காப்பாற்ற அதிகாரமும் இருந்தது. அவர் மெல்ல எழுந்து, தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போனார். அன்று மத்தியானமே அவர் குடும்பம் பல்லக்கில் வடக்கே கிளம்பிவிட்டது, முன்னால் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் வண்டி போக. கோயிலுக்குப் போகிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

உலகப்பனுக்கு மகாராஜா ஒரு ஜோடி பொற்கடகம் கொடுத்தார்.

அவன் சாயக்காரத் தெருவுக்குப் போனபோது, முத்திருளனும் தெரு ஆண்களும் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கி முள்ளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் யாரோ பாடிக்கொண்டுகூட இருந்தார்கள். அங்காயி கொட்டகை வாசலில் நின்றாள்.

"தண்ணி வருமாண்ணே?"

உலகப்பன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. உள்ளே போய், குடத்து வாயைத் துணியால் இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். "அவரைக் கூப்பிடுண்ணே. குடத்துல கொஞ்சம் இருக்கிறப்பவே கிளம்பிரணும்" என்றாள்.

"உன்னை நடக்க விடமாட்டேன்னு சொன்னேனே தாயி."

"நீ என்ன செய்வே? இருந்தாலும் சாவு, நடந்தாலும் சாவு. நடந்தா ஒருவேளை அந்த ஆறு நெசமா இருக்கலாம்."

வெயில் தாழ்ந்ததும் சாயக்காரத் தெரு கிளம்பியது. எந்த உத்தரவைத் தடுக்க உலகப்பன் அத்தனை பாடுபட்டானோ, அதைத் தானே முன்னால் நின்று நடத்திக் கொடுத்தான். சேந்தனார் சபையில் சொன்ன பொய்க்குச் செய்த பிராயச்சித்தமோ என்னவோ, கொடுக்காத தண்ணீருக்கு உப்பு எதற்கு என்று உப்பையெல்லாம் பாதையோரம் கொட்டிவிட்டு, தெற்குப் பாதை பிரியும் இடம்வரைக்கும் நடக்க முடியாதவர்களைத் தன் வண்டிகளில் ஏற்றிக்கொண்டார். அங்காயி முதல் வண்டியில் இருந்தாள். வண்டியிலேயே அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது என்றும், தாயும் சேயும் பிழைத்தார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். அதற்கப்புறம் அந்த ஆறு இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. குழந்தை பிறந்ததை மட்டும் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அதையும் நம்பாவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வராது.

மறுநாள் சபையில் மகாராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். "உலகப்பன் எங்கே?"

"சாயக்காரரோடு ஊரைவிட்டுப் போய்விட்டார், மகாராஜா" என்றான் வாயிற்காப்போன்.

"நாம்தான் போக வேண்டாம் என்று உத்தரவு போட்டோமே?"

"ஆம், மகாராஜா. ஆனாலும் போய்விட்டார்."

மகாராஜா தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "போகச் சொன்னால் இருப்பான், இருக்கச் சொன்னால் போவான். இதில் ஏதோ விகடம் வைத்திருக்கிறான். குளம் நிறைகிற அன்று தெப்பத்துக்கு முன்னால் வந்து குதிப்பான் பாருங்கள். வந்ததும் அவனுக்கு ஒரு கிராமத்தை எழுதி வையுங்கள்" என்று தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்ததால் சபையும் சிரித்தது.

சிரித்துச் சிரித்து மகாராஜாவுக்கு விக்கல் எடுத்தது. "தண்ணீர்" என்று கையை நீட்டினார். பணியாள் ஒருவன் பொற்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். மகாராஜா நீட்டிய கையோடு சிரித்தபடி காத்துக்கொண்டிருந்தார். போனவன் வரவில்லை.